பாத்திரம் துலக்கும் இயந்திரம் வீட்டுக்கு வந்த வழி

1850 மே மாதத்தில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஜோயல் ஹௌட்டன் என்பவர் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் இந்த வகையில் அதுவே முதலாவது. ஒரு மரத்தொட்டி, அதில் கையால் சுற்றும் ஒரு சக்கரம், அவ்வளவுதான் அதன் அமைப்பு. சக்கரத்தைச் சுற்றச் சுற்றத் தொட்டித் தண்ணீர் தட்டுகளின்மேல் வாரியடிக்கும். தட்டுகள் நனைந்தனவே தவிர, சுத்தமானதாகச் சொல்ல முடியாது. 15 ஆண்டுகள் கழித்து, 1865இல், எல். ஏ. அலெக்சாண்டர் வேறு வழியில் முயன்றார். தட்டுகளை அடுக்கிய சட்டத்தைப் பல்சக்கரமும் கைப்பிடியும் கொண்டு தண்ணீருக்குள் சுழல வைத்தார். இரண்டு கருவிகளும் வீடுகளில் இடம்பிடிக்கவில்லை. ஆனால் இந்த இயந்திரத்தின் அடிப்படைக் கேள்வி அவற்றிலேயே எழுந்துவிட்டது. அசைய வேண்டியது தண்ணீரா, தட்டா? ஹௌட்டனின் கருவி தோற்றாலும் அவருடைய யோசனைதான் சரியானது. தண்ணீர்தான் தட்டைத் தேடி வந்து அடிக்க வேண்டும்.

அதைச் செய்துகாட்டியவர் ஜோசபின் காக்ரேன். 1839இல் ஒஹையோ மாநிலத்தில் பிறந்தவர். தந்தை பொறியாளர், தாய்வழியில் நீராவிப் படகு கட்டிய ஜான் ஃபிட்சின் குடும்பம். திருமணமாகி இல்லினாய் மாநிலத்தின் ஷெல்பிவில் ஊரில் வசதியாக வாழ்ந்தார். விருந்து முடிந்து வேலையாட்கள் கழுவும்போது அருமையான பீங்கான் தட்டுகளின் விளிம்பு உடைந்துபோவது அவருக்குப் பெரிய வருத்தம். தாமே கழுவிப் பார்த்தார். அந்த வேலை பிடிக்கவில்லை. இயந்திரத்தைப் பற்றிய எண்ணம் இப்படித்தான் தொடங்கியது. ஆனால் 1883இல் கணவர் கடன்களை வைத்துவிட்டு இறந்துபோனபின் அந்த எண்ணம் பிழைப்புக்கான வழியாக மாறியது. ஜார்ஜ் பட்டர்ஸ் என்ற மெக்கானிக்கின் துணையோடு வீட்டின் பின்புறக் கொட்டகையில் மாதிரி ஒன்றைக் கட்டினார். 1886 டிசம்பர் 28ஆம் தேதி 355,139 என்ற எண்ணுள்ள காப்புரிமை அவருக்குக் கிடைத்தது.

காக்ரேன் முதலில் தட்டுகளின் அளவை எடுத்தார். தட்டு, கோப்பை, சாஸர் ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கம்பியை வளைத்துத் தனித்தனி அறைகள் செய்தார். அவை ஒரு சக்கரத்தில் பொருத்தப்பட்டு, செம்புக் கொப்பரைக்குள் கிடைமட்டமாகப் படுக்கும். சக்கரம் சுழல, கீழிருந்து சோப்பு கலந்த சுடுநீர் பாத்திரங்களின்மேல் பீய்ச்சி அடிக்கப்பட்டது. தேய்க்கும் பிரஷ் எதுவும் இல்லை. நீரின் அழுத்தம்தான் வேலை செய்தது. பாத்திரம் ஒன்றோடொன்று மோதாமல் நிற்க ஓர் இடம், அழுத்தத்தோடு வரும் சூடான நீர் என்ற இரண்டும் இன்றைய எல்லா டிஷ்வாஷர்களிலும் அப்படியே இருக்கின்றன. தட்டுகளின் அளவிலிருந்து தொடங்கியதால்தான் அவருடைய இயந்திரம் முந்தையவற்றைப்போல வெறும் யோசனையாக நின்றுவிடாமல் வேலை செய்தது.

அவருடைய வாடிக்கையாளர்கள் வீட்டுப் பெண்கள் அல்லர். சிகாகோவின் பால்மர் ஹவுஸ், ஷெர்மன் ஹவுஸ் போன்ற பெரிய ஹோட்டல்கள்தான் முதலில் வாங்கின. 1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் உணவு பரிமாறிய நிறுவனங்கள் அவருடைய இயந்திரங்களைப் பயன்படுத்தின. அங்கே அவற்றுக்குப் பரிசும் கிடைத்தது. பிறகு உணவகங்கள், கல்லூரிகள், மருத்துவமனைகள் என்று விற்பனை விரிந்தது. கொதிநீரில் கழுவிய பாத்திரம் சுகாதாரமானது என்பதால் மருத்துவமனைகளுக்கு அது கூடுதலாகப் பிடித்தது. 1913இல் காக்ரேன் இறந்தபோதும் அந்த இயந்திரம் ஹோட்டல் சமையலறைப் பொருளாகவே இருந்தது. வீட்டு அடுக்களைக்குள் அது உறுதியாக நுழைய இன்னும் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அந்தத் தாமதத்துக்குக் காரணம் இயந்திரத்துக்கு உள்ளே இல்லை, அதைச் சுற்றியிருந்த வீட்டில் இருந்தது. இன்று ஒருவர் டிஷ்வாஷர் வாங்கப் போகும்போது நீரின் கடினத்தன்மை, குழாயின் அழுத்தம், மின் இணைப்பு, பொடியின் தரம், உதிரிபாகம் என்று விசாரிக்கிறார். இவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் இந்த இயந்திரத்தை வாசலில் நிறுத்திவைத்த தடைகள். விலை குறைந்ததும் நம்பகம் கூடியதும் அந்தத் தடைகள் விலகிய வரிசையில்தான் நடந்தன.

முதல் தடை சுடுநீர். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பெரிய ஹோட்டலில் கொதிகலன் இருந்தது. சாதாரண வீட்டில் அடுப்பில் கெட்டில் வைத்துத்தான் தண்ணீர் காய்ச்ச வேண்டும். ஓர் இயந்திரம் நிறையச் சுடுநீரை அப்படிக் காய்ச்சி ஊற்றுவதைவிடக் கையால் கழுவிவிடுவது எளிது. குழாய் நீரும் கழிவுநீர்க் குழாயும் மின்சாரமும் வீடுகளுக்கு வரும்வரை இயந்திரம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்ற வீட்டு இயந்திரங்கள் பலவும் தண்ணீரை ஊற்றி நிரப்பி, கழுவியபின் வடித்துக் கொட்ட வேண்டியவை. 1920களில்தான் குழாயோடு நிரந்தரமாக இணைத்த வீட்டு இயந்திரங்கள் தோன்றின.

1924இல் இங்கிலாந்தில் வில்லியம் ஹோவர்ட் லிவன்ஸ் வீட்டுக்கு ஏற்ற சிறிய டிஷ்வாஷர் ஒன்றை வடிவமைத்தார். முதல் உலகப் போரில் தம் பெயரால் வழங்கும் எறிகருவியை உருவாக்கிய பொறியாளர் அவர். முன்பக்கம் திறக்கும் கதவு, உள்ளே கம்பி அடுக்கு, சுழன்று நீர் தெளிக்கும் கை ஆகியவை அதில் இருந்தன. இன்றைய இயந்திரத்தின் உருவம் ஏறத்தாழ முழுமையாக அங்கே வந்துவிட்டது. ஆனால் வாங்க ஆள் இல்லை. ஐரோப்பாவின் முதல் மின்சார டிஷ்வாஷரை 1929இல் ஜெர்மனியின் மீலே நிறுவனம் வெளியிட்டது. பொருளாதார நெருக்கடி உலகைப் பிடித்த ஆண்டு அது, அதுவும் பரவவில்லை. அமெரிக்காவில் காக்ரேனின் நிறுவனத்தை 1926இல் ஹோபார்ட் வாங்கியது. உணவகங்களுக்கான இயந்திரங்கள் செய்வதில் பெயர்பெற்ற நிறுவனம் அது. வீட்டுப் பொருள்களுக்கு அது வைத்திருந்த கிச்சன்எய்ட் என்ற பெயரில் 1949இல் வீட்டு டிஷ்வாஷர் வெளிவந்தது.

இரண்டாவது தடை சோப்பு. இந்த வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும், முடிவைத் தீர்மானித்ததும் இதுதான். சோப்பு மென்னீரில் நுரைக்கும். சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் உள்ள கடின நீரில் அவற்றோடு சேர்ந்து கரையாத வெண்படிவாக மாறும். கையால் கழுவும்போது அந்தப் படிவு துணியோடு போய்விடும். இயந்திரத்துக்குள் துடைக்கும் கை இல்லை. ஆகவே படிவு கண்ணாடி டம்ளரிலும் தட்டிலும் வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். மென்னீராக இருந்தால் எதிர்ச் சிக்கல். நுரை பொங்கி, பம்பு காற்றை உறிஞ்சத் தொடங்கி, நீரின் வேகம் செத்துவிடும். இயந்திரத்துக்கு வேண்டியது நுரைக்காத, ஆனால் கொழுப்பை அறுக்கும் காரப்பொருள்.

1930களில் அமெரிக்காவில் சோடியம் ஹெக்ஸாமெட்டாஃபாஸ்பேட் விற்பனைக்கு வந்தபோது இதற்கு வழி பிறந்தது. நீரிலுள்ள கால்சியத்தை அது கவ்விப் பிடித்துக்கொள்ளும், படிய விடாது. ஃபாஸ்பேட், சோடா, சிறிது குளோரின் வெளுப்பான் ஆகியவை சேர்ந்த பொடிகள் அடுத்தடுத்து வந்தன. 1955இல் புராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் அமெரிக்காவில் கேஸ்கேட் பொடியை வெளியிட்டது. அதன் பின்னர்தான், கடையில் ஒரு பெட்டி வாங்கிக் கொட்டினால் கண்ணாடி பளிச்சென்று வரும் என்ற நம்பிக்கை சாதாரண குடும்பத்துக்குக் கிடைத்தது. பொடியின் கதையை விட்டுவிட்டு இயந்திரத்தின் கதையை மட்டும் சொல்பவர்கள், 1886இல் கண்டுபிடித்தது 1950களில் ஏன் விற்றது என்பதை விளக்க முடியாமல் நிற்கிறார்கள்.

ஐரோப்பியர் கடின நீரை இன்னொரு வகையில் சமாளித்தார்கள். இயந்திரத்துக்குள்ளேயே நீரை மென்மையாக்கும் ஒரு பகுதியை வைத்தார்கள். அதில் உள்ள பிசின் மணிகள் நீரிலிருந்து கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். மணிகள் நிறைந்துபோனதும் உப்புக் கரைசல் ஓடி அவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும். டிஷ்வாஷருக்குத் தனியாக உப்பு போட வேண்டியிருப்பது இதனால்தான். பாத்திரம் கழுவுவதில் அந்த உப்புக்கு நேரடிப் பங்கு இல்லை. சமையல் உப்பில் கட்டியாகாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்கள் பிசினைக் கெடுக்கும் என்பதால் தூய உப்பே பயன்படுத்தப்படுகிறது. அமெரிக்காவின் வீட்டு இயந்திரங்களில் இந்தப் பகுதி பெரும்பாலும் இருப்பதில்லை. அங்கே கடின நீர் உள்ள வீடுகளில் முழு வீட்டுக்குமான மென்னீராக்கியை வைப்பது வழக்கம்.

இதே காலத்தில் இரு கண்டங்களுக்கும் இடையே இன்னொரு பிரிவும் ஏற்பட்டது. அமெரிக்க வீட்டு மின்சாரம் 120 வோல்ட். ஐரோப்பாவில் 220 வோல்ட் அளவு. குறைந்த வோல்ட்டேஜில் பெரிய ஹீட்டரை இயக்குவது கடினம். ஆகவே அமெரிக்க இயந்திரம் வீட்டின் சுடுநீர்க் குழாயோடு இணைக்கப்பட்டது. ஐரோப்பிய இயந்திரம் குளிர்ந்த நீரை எடுத்து, 2 கிலோவாட் அளவிலான தன் ஹீட்டரால் தானே காய்ச்சிக்கொண்டது. அதனால் ஒரு கழுவும் சுற்றின் நேரம் கூடியது. ஆனால் எந்த வீட்டிலும், தனி சுடுநீர்க் குழாய் இல்லாத வீட்டிலும், அதை வைக்க முடிந்தது. 230 வோல்ட் மின்சாரமும் குளிர்ந்த குழாய் நீரும் உள்ள இந்தியாவுக்கு ஐரோப்பிய வகை பொருந்தியதற்குக் காரணம் இதுவே.

போருக்குப் பிந்திய அமெரிக்காவில் புறநகர் வீடுகளோடு அடுக்களையும் மாறியது. மேடைகளுக்கு அடியில் ஒரே உயரத்தில், ஒரே அகலத்தில் பெட்டிகள் வரிசையாக அமைந்தன. 60 சென்டிமீட்டர் அகலம் வழக்கமானது. டிஷ்வாஷர் அந்த வரிசையில் ஒரு பெட்டியாகப் பொருந்தியதும் வீட்டைக் கட்டுபவரே அதை வைத்து விற்கத் தொடங்கினார். வீட்டுக் கடனோடு அதன் விலையும் சேர்ந்துகொண்டது. 1959 ஜூலையில் மாஸ்கோவில் நடந்த அமெரிக்கக் கண்காட்சியில் துணை ஜனாதிபதி நிக்சன் சோவியத் தலைவர் குருஷ்சேவை மாதிரி அடுக்களையில் நிறுத்தி, வீட்டோடு இணைத்து வரும் புதிய கழுவும் இயந்திரத்தைக் காட்டினார். பெண்களின் உழைப்பைக் குறைப்பது அதன் நோக்கம் என்றார். அமெரிக்க வீடுகள் 20 ஆண்டுக்கு மேல் நிற்காதபடி கட்டப்படுகின்றன, நாங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கட்டுகிறோம் என்ற பொருளில் குருஷ்சேவ் பதில் சொன்னார். அரசியல் வாதம் அது. என்றாலும் வாங்கும் பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்ற கேள்வி அன்றைக்கே அடுக்களைக்குள் வந்துவிட்டது.

உழைப்புக் குறைந்ததா என்பதை வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் வெளியான தம் நூலில் ஆராய்ந்தார். வீட்டு இயந்திரங்கள் பெருகிய காலத்தில் அமெரிக்க இல்லத்தரசியின் வேலை நேரம் எதிர்பார்த்தபடி குறையவில்லை என்பது அவர் முடிவு. வேலையாட்களும் மற்ற குடும்ப உறுப்பினர்களும் முன்பு பகிர்ந்துகொண்ட வேலை ஒரே பெண்ணின் தலையில் வந்து சேர்ந்தது. சுத்தத்தின் அளவுகோலும் உயர்ந்தது. டிஷ்வாஷருக்கும் இது பொருந்தும். எச்சிலை வழித்துப் போடுவது, அடுக்குவது, எடுத்து வைப்பது ஆகிய மூன்றும் இன்றும் கைவேலைதான். இயந்திரம் எடுத்துக்கொண்டது நடுவில் உள்ள தேய்ப்பையும் அலசலையும் மட்டுமே. அது சிறிய விடுதலை அல்ல. கைத்தோல் தாங்காத சூட்டிலும் காரத்திலும் அது கழுவுகிறது. ஆனாலும் அந்த மற்ற மூன்று வேலைகளையும் வீட்டில் யார் செய்வது என்பதை எந்த இயந்திரமும் தீர்மானித்ததில்லை.

நம்பகத்தின் வரலாறு பெரும்பாலும் தொட்டியின் வரலாறு. ஹோபார்ட் காலத்துக் கிச்சன்எய்ட் இயந்திரங்களில் எஃகின்மேல் பீங்கான் எனாமல் பூசிய தொட்டி இருந்தது. கனமும் விலையும் அதிகம். ஆனால் பல ஆண்டுகள் உழைத்தன. எனாமல் ஓரிடத்தில் பெயர்ந்தால் அங்கே துருப்பிடிக்கும் என்பதே அதன் பலவீனம். விலையைக் குறைக்கப் பின்னர் பிளாஸ்டிக் தொட்டிகள் வந்தன. துரு இல்லை, எடையும் இல்லை. ஐரோப்பியத் தயாரிப்பாளர்கள் எவர்சில்வர் தொட்டியின் பக்கம் போனார்கள். எவர்சில்வர் சூட்டைத் தாங்கும். சூடான பாத்திரங்களிலிருந்து எழும் ஆவி குளிர்ந்த எவர்சில்வர் சுவரில் படிந்து வழிவதால் தனி ஹீட்டர் இல்லாமலே பாத்திரங்கள் காயும். பாஷ் நிறுவனம் தன் முதல் டிஷ்வாஷரை 1964இல் வெளியிட்டது. மீலே தன் இயந்திரங்களை 20 ஆண்டுப் பயன்பாட்டுக்குச் சமமாகச் சோதிப்பதாகச் சொல்கிறது. அந்த உறுதியின் செலவு அதன் விலையில் தெரியும்.

தொட்டி நீடித்தாலும் மற்றவை நீடிப்பதில்லை. நீரைச் சுழற்றும் பம்பு, கழிவுநீரை வெளியேற்றும் பம்பு, ஹீட்டர், கதவின் ரப்பர், நீர் உள்ளே வரும் வால்வு ஆகிய இடங்களில்தான் பழுது வரும். 1980களுக்குப் பிறகு கைப்பிடி திருகும் டைமருக்குப் பதிலாக மின்னணுப் பலகை வந்தபோது, பழுதாகும் இடங்களில் அதுவும் சேர்ந்தது. முன்பு ஒரு மெக்கானிக் பிரித்துப் பார்த்துச் சரிசெய்ததை இப்போது முழுப் பலகையையே மாற்றிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. ஒரு பலகையின் விலையைக் கேட்டுவிட்டுப் புது இயந்திரமே வாங்கும் பழக்கம் இதனால் வளர்ந்தது.

சலவைக்கும் துலக்குதலுக்கும் பொதுவான ஒரு கணக்கை ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவன வேதியியலர் ஹெர்பர்ட் சின்னர் 1959இல் வரைந்து காட்டினார். சூடு, வேதிப்பொருள், நீரின் அடி, நேரம் ஆகிய நான்கும் சேர்ந்துதான் அழுக்கைப் போக்குகின்றன. ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்ட வேண்டும். 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிந்திய டிஷ்வாஷரின் வரலாறு முழுவதையும் இந்தக் கணக்கைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். எரிபொருள் விலை ஏறியதும் குறைக்க வேண்டியது சூடாயிற்று. சூட்டைக் குறைக்கச் சிறந்த வழி, காய்ச்ச வேண்டிய தண்ணீரைக் குறைப்பது. 1970களில் ஒரு சுற்றுக்கு 40 லிட்டருக்கு மேல் தண்ணீர் எடுத்த இயந்திரங்கள் சாதாரணம். அமெரிக்காவில் 2013 மே மாத இறுதியில் அமலுக்கு வந்த விதி, முழு அளவு இயந்திரத்துக்கு ஒரு சுற்றுக்கு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர் என்றும், ஆண்டுக்கு 307 யூனிட் மின்சாரம் என்றும் வரம்பு வைத்தது. இன்றைய நல்ல இயந்திரங்கள் 10 லிட்டர் அளவிலேயே முடித்துவிடுகின்றன. ஒரே நீரை வடிகட்டித் திரும்பத் திரும்பச் சுழற்றுவதும், 1990களில் வந்த, நீரின் கலங்கலை அளக்கும் சென்சாரும் இதற்கு உதவின.

சூடும் நீரும் குறைந்த இடத்தில் நேரம் கூடியது. எக்கோ என்று குறித்த சுற்று 3 மணி நேரத்துக்கு மேல் ஓடுவதைப் பார்த்து, இயந்திரம் மின்சாரத்தை விழுங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் மின்சாரத்தின் பெரும்பகுதி நீரைக் காய்ச்சுவதற்கே போகிறது; பம்பு ஓடுவதற்கு ஆகும் செலவு சிறியது. ஆகவே நீளமான சுற்றே சிக்கனமான சுற்று.

கையா, இயந்திரமா என்ற பழைய வாதம் இதே காலத்தில் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ரைனர் ஸ்டாமிங்கர் குழு ஐரோப்பிய நாடுகள் பலவற்றைச் சேர்ந்தவர்களை அழைத்து, 12 பேர் சாப்பிட்ட பாத்திரங்களைக் கையால் கழுவச் செய்து அளந்தது. சராசரியாக 100 லிட்டருக்குச் சற்று மேல் நீரும் 2.5 யூனிட் அளவுக்கு ஆற்றலும் செலவாயின. அதே அளவு பாத்திரங்களுக்கு இயந்திரம் எடுத்த நீர் அதில் சிறு பங்கே, ஆற்றலும் குறைவு. ஆனால் 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வு இதில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓடும் குழாயில் கழுவுவதைவிட இயந்திரம் மேல். இரண்டு தொட்டிகள் வைத்து, ஒன்றில் சோப்பு நீரில் தேய்த்து மற்றதில் அலசினால் கைதான் மேல் என்று அது கண்டது. இயந்திரத்தில் வைக்குமுன் குழாயடியில் ஒருமுறை கழுவிவிட்டு வைக்கும் வழக்கம் சேமிப்பைக் கெடுக்கும் என்பதும் அதில் தெளிவானது. இரண்டு ஆய்வுகளும் சுடுநீரில் கழுவும் நாடுகளில் நடந்தவை. குளிர்ந்த நீரில் துலக்கும் வீடுகளுக்கு ஆற்றல் கணக்கு மாறும். நீர்க் கணக்கு மட்டும் அப்படியே நிற்கும்.

இயந்திரத்தை வீட்டுக்குள் கொண்டுவந்த ஃபாஸ்பேட்டே பின்னர் சிக்கலாயிற்று. கழிவுநீரோடு ஏரிகளையும் ஆறுகளையும் அடைந்த ஃபாஸ்பரஸ் பாசியைப் பெருக்கி, அது அழுகும்போது நீரின் உயிர்க்காற்றைக் குடித்து, மீன்களைச் சாகடித்தது. துணி சோப்பில் தடை முன்பே வந்தது. டிஷ்வாஷர் பொடிக்கு மாற்றுக் கிடைக்காததால் விலக்கு நீண்டது. 2010 ஜூலையில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஒரே சமயத்தில் தடை விதித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 ஜனவரி முதல் ஒரு வேளைப் பொடியில் ஃபாஸ்பரஸ் 0.3 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. தடை வந்த புதிதில் கண்ணாடியில் வெண்படிவு திரும்பியது என்று வீடுகளில் புகார் எழுந்தது. இயந்திரம் கெட்டுவிட்டதாக நினைத்து மெக்கானிக்கை அழைத்தவர்களும் உண்டு. மாவுச்சத்தையும் புரதத்தையும் சிதைக்கும் என்சைம்களும் வேறு கால்சியப் பிடிப்பான்களும் சேர்த்த பொடிகளும் மாத்திரைகளும் அந்த இடத்தைப் பிடித்தன. என்சைம்கள் வேலை செய்ய மிதமான சூடும் நேரமும் வேண்டும். சுற்று நீண்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

பழுதுபார்க்க முடியாமை என்ற குறைக்கு முதல் பெரிய சட்டப் பதில் 2021 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அமலுக்கு வந்தது. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் மோட்டார், பம்பு, ஹீட்டர், மின்னணுப் பலகை போன்றவை தொழில்முறைப் பழுதுபார்ப்பவர்களுக்கு 7 ஆண்டுகளாவது கிடைக்க வேண்டும். கதவு ரப்பர், தெளிக்கும் கை, வடிகட்டி, அடுக்குக் கூடை போன்றவை வீட்டுக்காரருக்கே 10 ஆண்டுகள் கிடைக்க வேண்டும். கேட்டபின் 15 வேலை நாட்களுக்குள் அனுப்ப வேண்டும். அதே மாதத்தில் ஆற்றல் முத்திரையும் ஏ முதல் ஜி வரை புதிதாக அளவிடப்பட்டது. மலிவான, நம்பகமான டிஷ்வாஷர் என்பதற்குப் பொருள் இந்த விதியோடு மாறியது. வாங்கும் அன்றைய விலையைவிட, எட்டாவது ஆண்டில் ஒரு பம்பு கிடைக்குமா என்பதுதான் உண்மையான சிக்கனம்.

இந்தியாவில் இந்த இயந்திரத்தின் வரலாறு இளையது. தமிழ்நாட்டு வீடுகளில் பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் கொண்டு தேங்காய் நாரால் துலக்கினார்கள். சாம்பலில் உள்ள காரம் கொழுப்பை அறுத்தது. புளியின் அமிலம் உலோகத்தின் கறுப்பை நீக்கியது. டிஷ்வாஷர் பொடி செய்வதும் முதல் வேலையைத்தான். இரண்டாவது வேலையை அது செய்யாது. பித்தளையை இயந்திரத்தில் போட்டால் மங்கிவிடும். எவர்சில்வர் பரவியபின் பாத்திரத்தின் சிக்கல் எளிதானது. ஆனால் வேலைக்கு வரும் பெண்களின் குறைந்த கூலி, இயந்திரத்தின் விலையை வெகுகாலம் நியாயமற்றதாக்கியது. 2020இல் ஊரடங்கு வந்து அவர்கள் வர முடியாமல்போன மாதங்களில்தான் நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் பெருமளவில் டிஷ்வாஷரைத் தேடின. அதே மாதங்களில் அந்தப் பெண்கள் பலர் கூலியின்றி இருந்தார்கள் என்பதும் இந்த வரலாற்றின் பகுதி.

இந்தியச் சந்தைக்கு வந்த இயந்திரங்கள் கடாய், குக்கர், மசாலாக் கறை ஆகியவற்றுக்கென 70 டிகிரி சூட்டை எட்டும் சுற்றுகளோடும், அகலமாகத் திறந்து மடக்கக்கூடிய கீழடுக்கோடும் விற்கப்படுகின்றன. அலுமினிய குக்கர் காரப் பொடியில் கறுத்துவிடும்; பழக்கிய இரும்புத் தோசைக்கல்லின் எண்ணெய்ப் பூச்சு போய்விடும்; மரக்கரண்டி வெடிக்கும். எவர்சில்வர், பீங்கான், கண்ணாடி ஆகியவையே அதற்கேற்றவை. ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது என்பதால் உப்புப் பகுதி இல்லாத மாடல் பல ஊர்களுக்கு உதவாது. நீரின் கடினத்தன்மையை அளந்து அதற்கேற்ப இயந்திரத்தில் அளவை அமைக்க வேண்டும். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல மாடல்கள் கேட்கும் 0.3 பாருக்கு மாடித்தொட்டி குழாயைவிட 3 மீட்டராவது உயரத்தில் இருக்க வேண்டும். மேல்மாடியில் குடியிருப்பவர்களுக்கு இது அடிக்கடி குறுக்கே நிற்கும். ஹீட்டருக்குத் தனியாக 16 ஆம்பியர் பிளக் வேண்டும். நான்கைந்து பேர் உள்ள வீட்டில், சமைத்த பாத்திரங்களையும் சேர்த்து வைக்க, 12 அல்லது 14 பேருக்கான 60 சென்டிமீட்டர் இயந்திரமே போதுமானதாகிறது. மேடைமேல் வைக்கும் 8 பேர் அளவு இயந்திரம் தட்டுக்கும் டம்ளருக்கும் சரி. சோற்றுப் பானைக்கு இடம் தராது.

வரியைப் பொறுத்தவரை டிஷ்வாஷர் நெடுநாள் ஆடம்பரப் பொருள்களோடு சேர்த்தே வைக்கப்பட்டிருந்தது. சரக்கு மற்றும் சேவை வரியில் 28 விழுக்காட்டுப் பிரிவில் இருந்த அது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காட்டுப் பிரிவுக்கு இறங்கியது.